பச்சை ஆட்டக்காரனும் மஞ்சள் ஆட்டக்காரனும்

டொலீடோ ஹெரன்ஸ் கூடைப்பந்து அணியின் அடுத்த ஐந்து வருடத் தலைவிதி, ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மதியம் ஒன்று பத்துக்கு, வெர்ன் ஸ்லோமாவின் ஆள்காட்டி விரலில் ஒட்டியிருந்த வெண்ணெயால் எழுதப்பட்டது.

வெர்ன் அணியின் வீடியோ அறையில் பத்தொன்பது வருடமாக ஆட்டங்களை வெட்டி ஒட்டுகிறவன். கணினி இருக்கும் மேசையில் யாரும் சாப்பிடக் கூடாது என்று சுவரில் ஓர் அறிவிப்பு உண்டு. அதை எழுதி ஒட்டியவனும் அவன்தான். அன்றைக்கு அவன் அக்கா கொடுத்தனுப்பிய பிரோகி என்கிற போலந்துக் கொழுக்கட்டையை, வெண்ணெயில் புரட்டி வறுத்த வெங்காயம் தூவிய உருளைக்கிழங்குப் பிரோகியை, அந்த அறிவிப்புக்கு நேர் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே வேலை பார்த்தான். திரையில் நான்கு தொகுப்புகள் வரிசையாக இருந்தன. முதலாவது, கெல்வின் ப்ரூவிட் சொந்த ஊரில் ஆடிய ஆட்டங்கள். இரண்டாவது, அதே ப்ரூவிட் வெளியூரில் ஆடியவை. மூன்றாவதும் நான்காவதும் ஏஸா லோமாக்ஸுடையவை. வெர்ன் தொட வேண்டியது முதலாவதையும் மூன்றாவதையும். வெண்ணெய் விரல் ஒரு வரி முன்னதாகவே வழுக்கி நின்றுவிட்டது. முதலாவதும் இரண்டாவதும் போயின.

மற்ற அணியாக இருந்தால் இது ஐந்து நிமிடத்தில் வெளிச்சத்துக்கு வந்திருக்கும். திரையில் ஒரே பையன் இரண்டு பேராக ஓடினால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். ஹெரன்ஸில் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகவே அங்கே ஒரு துறை இருந்தது.

அதன் பெயர் ஒப்பீட்டுத் தெளிவுத் துறை. தலைவர் டாக்டர் கிரேடன் விஷார்ட். முன்பு ஒரு மெத்தைக் கம்பெனியில், எந்த மெத்தையில் மனிதன் சீக்கிரம் தூங்குகிறான் என்று பதினோரு வருடம் ஆராய்ந்தவர். இங்கே அவர் நடத்திய கூட்டங்களிலும் அந்த ஆராய்ச்சி நல்ல பலன் தந்துகொண்டிருந்தது. ஆட்டக்காரனின் பெயர், முகம், எண், தோல் நிறம் எல்லாமே பார்க்கிறவரின் மனதைக் கெடுக்கின்றன என்பது அவருடைய கொள்கை. ஆகவே குழுவின் முன் வரும் படங்களில் முகத்தை மழுக்கி, உடம்பைச் சாம்பல் நிறமாக்கி, ஒருவனுக்குப் பச்சைச் சட்டையும் மற்றவனுக்கு மஞ்சள் சட்டையும் கணினியால் போர்த்திவிட வேண்டும். போர்த்துகிறவன் வெர்ன். எந்தச் சட்டைக்குள் யார் என்பது அவன் எழுதி ஒட்டிக்கொடுத்த ஓர் உறைக்குள் இருக்கும். வெர்ன் அதில் நாணயமாக எழுதியிருந்தான்: பச்சை ப்ரூவிட், மஞ்சள் லோமாக்ஸ்.

குழுவில் ஒன்பது பேர். ப்ரூவிட்டையோ லோமாக்ஸையோ ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே இடம். தினமும் இருவரையும் பார்த்துத் தொலைக்கிற பயிற்சியாளர் பட் ரின்கர் இதனாலேயே தகுதி இழந்தார்.

விஷயம் சின்ன விஷயமும் இல்லை. பாயிண்ட் கார்ட் என்பவன் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்து, மற்ற நாலு பேரையும் ஆட்டுவிக்கிறவன். ஹெரன்ஸுக்கு அந்த இடத்தில் இரண்டு இளசுகள் ஒரே சமயத்தில் முளைத்துவிட்டார்கள். இருவரும் நல்ல முளை. ஒருவனை வைத்துக்கொண்டு மற்றவனை வேறு அணிக்குத் தள்ளிவிட பிப்ரவரி முதல் வியாழன் மாலை மூன்று மணி வரை அவகாசம். எந்த முளையைப் பிடுங்குவது என்பதுதான் கேள்வி.

மூன்றாவது கூட்டத்தில் வெர்ன் விளக்கணைத்து, படத்தை ஓட்டிவிட்டு, மூலையில் நின்றுகொண்டிருந்தான். திரையில் பச்சைச் சட்டைக்காரன், யாரும் மறிக்காமல் எறிகிற ஃப்ரீ த்ரோ போடப் போனான். பந்தை வாங்குமுன் இடது காலணியின் அடியை உள்ளங்கையால் துடைத்தான், பிறகு வலது, பிறகு மறுபடி இடது.

"கவனிங்க," என்றார் விஷார்ட். "இது வெறும் துடைக்கிறது இல்ல. பச்சை தரையோட பேசறார். பணிவு. வேர் பிடிச்ச தன்மை."

குழுவினர் பணிவு என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்து மஞ்சள் சட்டைக்காரன் வந்தான். இடது காலணி, வலது காலணி, மறுபடி இடது.

"மஞ்சளும் அதையேதான் செய்யறார். ஆனா இங்க பேச்சு இல்ல. கெஞ்சல். தரையைப் பாத்துப் பயப்படற மனுஷன். பேசறவனுக்கும் கெஞ்சறவனுக்கும் நடுவுலதாங்க சாம்பியன் பட்டமே இருக்கு."

வெர்ன் மூலையிலிருந்து ஓரடி முன்னால் வந்தான். இந்தப் பூமியில் இடது, வலது, இடது என்று காலணி துடைக்கிற ஆட்டக்காரன் ஒருவன்தான். ப்ரூவிட்.

"இன்னொண்ணும் சொல்லணும்," என்றார் குழுவில் ஒருவர், ஏதோ பெரிய கல்லூரியில் முடிவெடுக்கும் கலையைக் கற்பிக்கிற அம்மாள். "பச்சை பந்தைத் தொட்டாலே ஜனங்க கைதட்டறாங்க. மஞ்சள் தொட்டா கூச்சல் போடறாங்க. ஒரு தடவை இல்ல, எல்லாத் தடவையும். ஆயிரக்கணக்கான ஜனங்களோட உள்ளுணர்வு பொய் சொல்லுமா?"

சொந்த ஊர் ஜனம் சொந்தப் பையனுக்குக் கைதட்டும், வெளியூர் ஜனம் வந்தவனைப் பார்த்துக் கூச்சல் போடும் என்று தெரிய வர, அந்த அம்மாள் ஒரு ஆட்டத்துக்காவது நேரில் போயிருக்க வேண்டும். போயிருந்தால் குழுவில் இடம் கிடைத்திருக்காது.

வாக்கெடுப்பில் பச்சை எட்டு, மஞ்சள் பூஜ்யம். ஒருவர் தூக்கம்.

வெளியே வந்தபோது லோமாக்ஸ் நடைபாதையில் ஐஸ் கட்டிய முழங்காலோடு சாய்ந்து நின்றிருந்தான். இருபத்தொரு வயது. லூயிசியானாக்காரன். அந்த ஊர் வளர்ப்பு அப்படி, தன்னைவிட மூத்த எவரையும் மிஸ்டர் போடாமல் கூப்பிட வராது.

"மிஸ்டர் வெர்ன், ஒண்ணு கேக்கட்டா? என் வைஃப் மொனிக்குக்கு இது எட்டாம் மாசம். இனிமே பிளேன்ல ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அவங்கம்மாவ இங்க வரச் சொல்லட்டுமா, இல்ல கொஞ்சம் பொறுத்துக்கட்டுமா? நீங்கதான் உள்ள இருக்கீங்க."

"நான் உள்ள இருக்கறது லைட் அணைக்க, தம்பி."

"தெரியும். சும்மா, உங்க முகத்தப் பாத்தா ஏதாவது தெரியுமான்னு கேட்டேன்."

வெர்ன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மழுக்குகிற கருவி ஒன்று தனக்கும் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

நேராகப் பயிற்சிக் கூடத்துக்குப் போனான். ரின்கர் இடுப்பில் கைவைத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார். எதிரே இரண்டு பையன்களும் ஆளுக்கொரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ப்ரூவிட் தண்ணீர் மாதிரி. எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே புகுந்துவிடுவான். லோமாக்ஸ் அவசரப்பட மாட்டான். இடது கைக்காரன். பந்தைத் தட்டியபடியே யாருக்கோ காத்திருப்பவன் போல நிற்பான், பிறகு ஆளே இல்லாத ஓர் இடத்துக்குப் பந்தை எறிவான், பந்து போய்ச் சேரும்போது அங்கே ஆள் இருப்பான். ப்ரூவிட் அவனைத் தாண்டிப் போய்க் கூடையில் போட்டுவிட்டு நாக்கை நீட்டினான். லோமாக்ஸ் சிரித்துக்கொண்டே அவன் சட்டை வாலைப் பிடித்து இழுத்தான். பத்தொன்பது வருடம் ஆட்டம் பார்த்த வெர்னுக்கு, இவனா அவனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு பிள்ளைக்கு மட்டுமே இடமிருக்கிற வீட்டில் இரட்டை பிறந்த மாதிரி என்றுதான் சொல்வான்.

"கோச், ஒரு தப்பு நடந்துபோச்சு," என்று வெர்ன் எல்லாவற்றையும் சொன்னான்.

ரின்கர் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யோவ் ஸ்லோமா, அப்போ ஒன்பது பேரும் மூணு வாரமா ப்ரூவிட்டையும் ப்ரூவிட்டையும் ஒப்பிட்டுருக்கானுங்க."

"ஆமா, கோச்."

"யாரு ஜெயிச்சது?"

"ப்ரூவிட்."

"நல்ல ஆளு. எனக்குப் பிடிக்கும்."

"நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான் பாத்தவன்யா. பாத்தவன் பேசக் கூடாது. போன வாரம் எனக்கு ஒரு கடுதாசி வந்துச்சு. ஆட்டக்காரர்களை நேரடியாகப் பார்ப்பதைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளவும்னு. அதான் இப்பிடி நிக்கிறேன். கழுத்து வேற பிடிச்சுக்கிச்சு."

"சரி, எனக்கு மட்டும் சொல்லுங்க. ரெண்டு பேர்ல யாரு?"

ரின்கர் வாயைத் திறந்தார், அக்கம்பக்கம் பார்த்தார், மூடிக்கொண்டார். "நான் சொன்னா அது அபிப்பிராயமாயிடும்," என்றார்.

மறுநாள் காலை வெர்ன் டாக்டர் விஷார்ட்டின் அறைக்குப் போனான். அந்த அறையில் நாற்காலிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தன. வருகிறவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை அவர் குறித்துக்கொள்வார். வெர்ன் நின்றபடியே சொல்லி முடித்தான். வெண்ணெயைக்கூட விடவில்லை.

விஷார்ட் குறிப்பேட்டைப் புரட்டி எதையோ எண்ணிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"வெர்ன், நீங்க என்ன சொல்றீங்கன்னு உங்களுக்கே புரியல. ஒரே ஆளை ரெண்டாக் காட்டினப்பவும் எங்க முறை நாப்பத்தோரு வித்தியாசம் கண்டுபிடிச்சிருக்கு. வித்தியாசமே இல்லாத இடத்துல நாப்பத்தொண்ணு. இவ்வளவு கூர்மையான முறை வேற எந்த அணிகிட்ட இருக்கு?"

"ஆனா டாக்டர், லோமாக்ஸை யாருமே பாக்கலியே."

"அதனாலதான் அவர் மேல எந்தப் பாரபட்சமும் இல்ல."

"மஞ்சளுக்கு இடது கை பலவீனம்னு அறிக்கையில எழுதியிருக்கீங்க. லோமாக்ஸ் இடது கைக்காரன்."

விஷார்ட்டின் புருவம் சுருங்கியது. "அப்போ நிலைமை நாங்க நினைச்சதைவிட மோசம். அவர்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லணும்."

"டாக்டர், இது என் தப்பா இல்லையா, அதையாவது சொல்லுங்க."

"தப்புங்கற வார்த்தையை இந்தத் துறையில நாம உபயோகிக்கறதில்ல. எதிர்பாராத உள்ளீடுன்னு சொல்லுவோம். நீங்க சொன்னதை எழுத்துல கொடுங்க. பேர் போடாதீங்க. பேர் பாத்தா குழு மனசு கெட்டுடும். அதுக்கு ஏ அறிக்கைன்னு பேர் வெச்சுடலாம்."

வெர்னுக்கு உயிர் வந்தது. அரைப் பக்கம் எழுதினான். கொண்டுபோய்க் கொடுத்தபோது விஷார்ட் அதைப் படிக்காமல் கவிழ்த்து வைத்தார்.

"பி அறிக்கை எங்க?"

"எந்த பி அறிக்கை?"

"ஒண்ணை மட்டும் வெச்சு எப்படி ஒப்பிடறது? தப்பு நடக்கவே இல்லன்னு யாராவது எழுதணும். ரெண்டையும் பக்கத்துல வெச்சுத்தான் எது உசத்தின்னு பாப்பாங்க. இந்த விஷயத்துல விவரம் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். அதையும் நீங்களே எழுதிடுங்க. மனசார எழுதணும், வெர்ன். வேணும்னே மட்டமா எழுதினா அது மோசடி."

வெர்ன் எவ்வளவோ மறுத்துப் பார்த்தான். பி இல்லாமல் ஏ குழுவுக்குப் போகாது என்பது விதி. லோமாக்ஸின் மாமியார் விமான டிக்கெட் எடுத்துவிட்டதாக அன்று காலைதான் கேள்விப்பட்டிருந்தான். வேறு வழி தெரியவில்லை. மேசையில் உட்கார்ந்து, படங்கள் யாவும் உரிய முறைப்படி தயாரிக்கப்பட்டன, ஐயத்துக்கு இடமில்லை என்று ஒரு பக்கம் எழுதினான். அவனுக்குப் பொய் எழுதிப் பழக்கம் இல்லாததால் அலுவலகச் சுற்றறிக்கை ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு அதன் நடையிலேயே எழுதிவிட்டான்.

புதன்கிழமை குழு கூடியது. வெர்ன் விளக்கணைத்தான். இரண்டு அறிக்கைகளும் திரையில் பக்கம் பக்கமாக வந்தன.

"ஏவை எழுதினவர் உணர்ச்சிவசப்பட்டவர்," என்றார் முடிவெடுக்கும் கலை அம்மாள். "வெண்ணெய், வெங்காயம்னு என்னென்னவோ வருது. மனசு ஒரு நிலையில இல்ல."

"பியோட நிதானத்தப் பாருங்க," என்றார் இன்னொருவர். "ஒரு வாக்கியம்கூட எதையும் சொல்லல. இந்த மாதிரி ஆளுங்கதான் ஒரு நிறுவனத்தோட முதுகெலும்பு."

மூலையிலிருந்து வெர்ன் தொண்டையைச் செருமினான். "ஐயா, ரெண்டையும் எழுதினது நான்தான்."

விஷார்ட் வருத்தத்தோடு தலையசைத்தார். "வெர்ன், நீங்க இப்ப குழுவோட மனசைக் கெடுத்துட்டீங்க. நல்லவேளை, வாக்கெடுப்பு முடிஞ்சுபோச்சு."

பி எட்டு, ஏ பூஜ்யம். போன தடவை தூங்கியவர் இந்தத் தடவையும் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை காலை வெர்னின் மேசை மேல் இரண்டு உறைகள் கிடந்தன. ஒன்று, ஏ அறிக்கையை எழுதிய பெயரறியா ஊழியருக்கு: ஆதாரமற்ற கலவரத்தை உண்டாக்கியதற்காகக் கடும் எச்சரிக்கை. மற்றது, பி அறிக்கையை எழுதிய பெயரறியா ஊழியருக்கு: ஒப்பீட்டுத் தெளிவுத் துறையின் துணை அமைப்பாளராகப் பதவி உயர்வு, ஏ போன்றவர்களைக் கண்காணிக்கும் பொறுப்போடு. இரண்டும் ஒரே கையெழுத்தில் வந்திருந்தன.

வெர்ன் இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஓடினான். பொது மேலாளர் பிரஸ்டன் கீல் கண்ணாடி முன் நின்று டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று, இரண்டையும் ஒரே சமயத்தில் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"மிஸ்டர் கீல், லோமாக்ஸை அனுப்பாதீங்க. அவனோட ஒரு படம்கூட நாங்க ஓட்டல. வேணும்னா இப்பவே ஓட்டறேன், இருபது நிமிஷம் போதும்."

கீல் கனிவானவர். வெர்னின் தோளில் கைவைத்தார். "வெர்ன், பத்தொன்பது வருஷமா இங்க இருக்கீங்க. உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா ஒண்ணு யோசிங்க. இப்ப லோமாக்ஸப் பாத்து, அவன் நல்லாயிருந்துட்டா?"

"நல்லதுதானே சார்."

"அப்போ எந்தக் காரணத்தச் சொல்லி அனுப்பறது?" கீல் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். "நீலமா, சிவப்பா?"

மூன்று மணிக்கு விஷயம் முடிந்தது. மூன்றரைக்குக் கீல் பத்திரிகையாளர்கள் முன் நின்றார், நீலம் அணிந்து.

"இது ஏஸா லோமாக்ஸுக்கு எதிரான முடிவு இல்ல," என்றார். "எங்க ஆய்வுல அந்தப் பேரே ஒரு தடவைகூட அடிபடல. அவர் என்ன சாதிச்சார், என்ன சாதிக்கல, எதையும் நாங்க பொருட்படுத்தல. தொடக்கத்துலேர்ந்து கடைசிவரைக்கும் அவரைப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இதைவிட நேர்மையா ஒரு இளைஞரை எந்த அணியும் வெளிய அனுப்பினதில்லன்னு பெருமையோட சொல்லிக்கறேன்."

பத்திரிகையாளர்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

நாலரைக்கு வெர்ன், மாமீ ஆற்றோரத்தில் இருக்கிற லோமாக்ஸின் அடுக்குமாடி வீட்டுக் கதவைத் தட்டினான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மிளகும் இறாலும் கொதிக்கிற வாசனை. சமையலறையில், லூயிசியானாவை விட்டு முதல் தடவையாக வெளியே வந்த மொனிக்கின் அம்மா, யாரோடும் பேசாமல் எதையோ கிளறிக்கொண்டிருந்தார். லோமாக்ஸ் ஒரு பெட்டியைத் தரையில் விரித்து வைத்து மடிக்காத சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். ஏழு மணி விமானம், ஸ்போகேனுக்கு. அங்கே மறுநாளே ஆட்டம். மொனிக் சோபாவில் வீங்கின பாதங்களை ஒரு தலையணை மேல் ஏற்றி வைத்து உட்கார்ந்திருந்தாள். அவளால் போக முடியாது. பிரசவத்துக்கு அவன் வரமுடியுமா என்பது ஸ்போகேன் அணியின் அட்டவணையைப் பொறுத்தது.

"வாங்க மிஸ்டர் வெர்ன்," என்றான் லோமாக்ஸ். "அத்தைய இப்பத்தான் ஏர்போர்ட்லேர்ந்து கூட்டிட்டு வந்தேன். இன்னிக்கு அங்கயே மறுபடியும் போறேன். வழி நல்லாப் பழகிடுச்சு."

வெர்ன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னான். நான்கு தொகுப்புகள், வெண்ணெய், பச்சை, மஞ்சள், ஏ, பி. சொல்லச் சொல்ல லோமாக்ஸின் கைகள் சட்டைகளை அடுக்குவதை நிறுத்தின.

"அப்போ அவங்க என்னைப் பாக்கவே இல்லியா?"

"பாக்கல."

"ஒரு ஆட்டம்கூட?"

"ஒரு ஆட்டம்கூட."

லோமாக்ஸ் கையிலிருந்த சட்டையைப் பெட்டிக்குள் போட்டான். பிறகு தோளைக் குலுக்கினான். "பரவால்ல. ப்ரூவிட் நல்லா ஆடறவன். தொழில்ல இதெல்லாம் சகஜம், மிஸ்டர் வெர்ன். மனசுல வெச்சுக்காதீங்க." இந்த வாக்கியத்தை ஆட்டக்காரர்கள் சொல்லி வெர்ன் பத்தொன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். வெளியே அனுப்பப்படுகிற ஒவ்வொருவனும் இதே குரலில், தரையைப் பார்த்தபடி சொல்வான். யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள் போல.

"இல்ல தம்பி, அப்பிடிச் சொல்லாத. இத்தனை நாளா நான் எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். கோச் கூரையப் பாக்கறார். டாக்டர் தப்புன்னே சொல்லக் கூடாதுங்கறார். கீல் டை கட்டறார். ஒருத்தன் என்னைத் திட்டி எழுதறான், அவனே பாராட்டியும் எழுதறான். இது என் தப்பா இல்லையான்னே எனக்கு இப்ப தெரியாமப் போச்சு."

சமையலறையில் கரண்டி நின்றது. மொனிக் பாதங்களை ஒவ்வொன்றாகத் தலையணையிலிருந்து இறக்கி, சோபாவின் கையைப் பற்றி நிமிர்ந்து உட்கார்ந்து, வெர்னின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஆமா, மிஸ்டர் வெர்ன்," என்றாள். "உங்க தப்புதான்."